சின்னப் பக்கட்டும் பெரிய பொய்யும்



கல்முனையில் வலை இழுப்பவர் வீட்டிலும் நம் லயத்திலும் ஷாம்பு வாங்குவது ஒரே மாதிரித்தான்: போத்தலாக அல்ல, பக்கட்டாக. நாட்கூலிக்காரர் கையில் காசு மொத்தமாகச் சேர்வதில்லை. அந்தக் கையிறுக்கம்தான் பக்கட் வியாபாரத்தின் முதல்.

தலை கழுவியபின் பக்கட் எங்கே போகிறது? பல அடுக்கு ஒட்டிய அந்தத் தாளை மீள்சுழற்சி செய்ய எவரும் பொறுக்குவதில்லை. அம்பாறைக் கரையோர ஊர்களின் குப்பை பள்ளக்காட்டில் குவிகிறது. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது.

உணவு, மருந்து தவிர்ந்த 20 மில்லிலீற்றர் வரையான பக்கட்டுகளை அரசாங்கம் 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. யூனிலீவர் என்ன செய்தது? தடை வரமுன் அரசாங்கத்தை நெருக்கியது. வந்தபின் 6 மில்லிலீற்றர் பக்கட்டுகள் நான்கை ஒட்டி ஒன்றாக விற்றது. 2022இல் ரொய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. இத்தகைய பக்கட்டுகளை மீள்சுழற்சி செய்ய முடியாத தீமை என்று முன்னரே பேசியவர் அதே கம்பனியின் உயரதிகாரி!

2025க்குள் தன் பிளாஸ்டிக் பொதிகள் அனைத்தையும் திருத்துவதாக 2017இல் வாக்குக் கொடுத்த கம்பனி, பக்கட் போன்ற மென்பொதிகளுக்கான தவணையை 2024இல் 2035க்குத் தள்ளிப் போட்டது.

இந்த வித்தை நமக்குப் புதிதா? அதே 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோவைக் கூட்டி, எட்டாதவருக்கு அரைப்பேர் போட்டார்கள். அங்கே நான்கு பக்கட்டை ஒட்டினார்கள். இங்கே நம் பேரைப் பாதியாக வெட்டினார்கள். இரண்டிலும் சட்டம் தாளில் நின்றது, இலாபம் குறையவில்லை.

ஏழைகளுக்காகத்தான் சின்னப் பக்கட் என்பார்கள். ஏழைக்கு வேண்டியது கொஞ்சம் ஷாம்பு, பிளாஸ்டிக் அல்ல. நம் போத்தலில் கடைக்காரர் தேங்காய் எண்ணெய் அளந்து ஊற்றித் தரவில்லையா? அப்படி விற்றால் கம்பனி பெயர் அச்சிட்ட தாள் கடைவாசலில் தொங்காது. அதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

பக்கட் விற்ற காசு கம்பனிக்கு, வெறும் தாள் பிரதேச சபைக்கு, பழி மட்டும் குப்பை போட்ட நமக்கு. இந்தக் கணக்கு மாறாமல் கடற்கரையைக் கூட்டிப் படம் பிடிப்பதும் மரம் நடுவதும் வேஷம்.

பசுமை பேச வரும் எந்தக் கம்பனியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: விற்ற தாளைத் திருப்பி எடுப்பாயா? போத்தல் வாங்கும் அளவுக்குச் சம்பளம் தருவாயா?