பாமாயில் மலிவுன்னு யார் சொன்னது?

வீட்டில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் பாமாயில் என்றுதான் இருக்கும். சிப்ஸ், சோப்பு, ஷாம்பூ, ஹோட்டல் பூரி எல்லாத்துலயும் அதுதான். உலகத்திலேயே பாமாயிலை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அமேசான் எரிந்தால் ஸ்டேட்டஸ் வைக்கும் நகரத்து நண்பர்களே, உங்க கடாயில் எந்தக் காடு கொதிக்குதுன்னு என்றைக்காவது கேட்டதுண்டா?

எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். அங்கே காட்டோரத்திலும் கொல்லைக்கு நடுவிலும், நம்ம ஊர்ப் பனை மாதிரி, மற்ற மரம் செடியோடு சேர்ந்து நிற்கும். 1848-ல் டச்சுக்காரர்கள் நாலே நாலு கன்றுகளை ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். 1917-ல் மலேயாவில் முதல் வணிகத் தோட்டம் வந்தது. இன்று உலகப் பாமாயிலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் தருகின்றன. அதற்காக சுமத்ராவிலும் போர்னியோவிலும் உராங்குட்டான் வாழ்ந்த தாழ்நிலக் காடுகள் லட்சக்கணக்கான ஏக்கர் போயின.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மலேசியாவில் இந்த மரம் சரியாகக் காய் பிடிக்கவில்லை. ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். மரத்தைக் கொண்டுபோனவர்கள், அதன் பூவுக்கு வரும் சின்னக் கூன்வண்டை ஆப்பிரிக்காவிலேயே விட்டுவிட்டார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கையால் தூவும் வேலை ஒழிந்தது.

ஒரே ஒரு பயிர், ஒரு பூச்சி இல்லாமல் இந்தப் பாடு பட்டது. காடு என்பது இப்படி ஆயிரமாயிரம் உறவு. அத்திக்கு அதற்கென்று ஒரு குளவி, பெரிய பழத்தின் விதையைத் தூக்கிப் போட இருவாச்சி. அதையெல்லாம் வெட்டிட்டு, "பனையும் மரம்தானே, பச்சையாத்தானே இருக்கு" என்கிறார்கள். மரம் நின்றால் காடு என்றால், எங்க ஊர்த் தென்னந்தோப்பும் காடுதான்!

அங்கே சதுப்புக் காடுகளின் அடியில், இலைதழை முழுசாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீரில் ஊறிய கரிமண் இருக்கிறது. எண்ணெய்ப்பனைக்கும் காகித மரத்துக்கும் கால்வாய் வெட்டி அந்தத் தண்ணீரை வடித்தார்கள். காய்ந்த மண் தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். 2015-ல் அந்தப் புகை கடல் தாண்டிப் போய் சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்களை மூட வைத்தது. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கு, மறைக்க வேண்டாம். எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் மூணு, நாலு டன் எண்ணெய் தரும். எங்க மல்லாட்டையால் அதில் கால் பங்குகூட முடியாது. அதனால் பாமாயில்தான் நிலத்தை மிச்சப்படுத்துது என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் மிச்சமான நிலம் எங்கே? மகசூல் கூடியதும் லாபம் கூடியது, லாபத்தைப் பார்த்துத் தோட்டம் பெருகியது. காட்டுக்கு விலை போடாத வரைக்கும் அந்த எண்ணெய் மலிவாகத்தான் தெரியும்.

இப்போது அந்தக் கதை நம்ம வாசலுக்கு வந்துவிட்டது. 2021-ல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைத் திட்டம் போட்டது. குறி வடகிழக்கு மாநிலங்களும் அந்தமானும். நம்ம நாட்டில் மிச்சமிருக்கும் மழைக்காடுகளில் பெரும்பகுதி எங்கே இருக்கோ, அங்கேயேதான்! நட்டால் 25 வருஷம் அந்த நிலத்தில் அந்த மரம்தான். குலையை வெட்டினால் ஒண்ணு ரெண்டு நாளுக்குள் ஆலைக்குப் போகணும்.

இங்கே ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்க அரசு மானியம் தருகிறது. ஏழை வீட்டுக்கு மலிவாக எண்ணெய் வேண்டும், அதில் சண்டையில்லை. அந்த மானியத்தைக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொடுங்கள் என்றுதான் விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறோம். காடு அழிக்காமல் விளைகிற எண்ணெய் இது.

மரக்கன்று நட்டு செல்ஃபி எடுப்பது உங்க இஷ்டம். அதற்கு முன்னால் ரெண்டு காரியம் செய்யுங்கள். உங்க எம்.எல்.ஏ.விடம் ரேஷன் கடையில் கடலை எண்ணெய் எப்போ வரும்னு கேளுங்கள். உங்க எம்.பி.யிடம் வடகிழக்கில் எண்ணெய்ப்பனை எதற்குன்னு கேளுங்கள். நாங்கள் கேட்டால் விவசாயி புலம்புகிறான் என்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாகணும்.