சாயவேரின் வழிவந்தோர்

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது சாயத்துணி வணிகத்தை நம்பித்தான் என்பதை மறந்துவிட்டோம். சாயவேரின் சிவப்பை நூலோடு பிணைத்தது படிகாரம்.

அதே படிகாரம் இன்று நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இருக்கிறது. மத்திய அமெரிக்க மரமொன்றின் வயிரத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமடாக்சிலின், படிகாரத்தின் துணையோடுதான் உயிரணுவின் உட்கருவைப் பற்றுகிறது. ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவிய திசுவை அதில் அமிழ்த்திக் குழாய்நீரில் கழுவினால், செம்மை கலந்த நிறம் தெளிந்த நீலமாகிறது. பிறகு இயோசின் இளஞ்சிவப்பேற்றுகிறது. எந்த நொடியில் வெளியே எடுப்பது என்பதைக் கடிகாரத்தைவிடப் பழகிய கண்ணே நன்கறியும். (சாயப்பட்டறையிலும் அப்படித்தானே!) நிறம் பிசகினால் புற்றணுவை இனங்காண்பதும் பிசகக்கூடும்.

2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, சாயத்தொழில் வேறு வடிவில் இம்மண்ணுக்குத் திரும்பியதாகவே நாம் கொள்கிறோம். ஆனால் அறிக்கையில் மருத்துவரின் கையொப்பம் இருக்கும்; சாயமிட்டவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. பிறரது புற்றைக் காட்டித் தருபவர் அந்த ஆவியின் அருகிலேயே நாளைக் கழிக்கிறார். நெசவாளரை எழுதிய நம் புனைகதைகளில் இவரை நாம் சந்தித்ததில்லை.

அறிக்கையின் அடியில் இவர் பெயருக்கு ஒரு வரி வேண்டும். அதற்கு முன்பாக, இவர் மேசைமேல் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கருவி வேண்டும்.