வீட்டில் பார்த்தவை: கொஞ்சம் சினிமா, கொஞ்சம் டிவி, நிறைய வெடி

தீபாவளி முடிஞ்சா எங்க விருதுநகர் மாவட்டத்துல பட்டாசு ஆபீஸுக்கெல்லாம் கொஞ்ச நாள் லீவு. (ஃபாக்டரின்னு இங்க யாரும் சொல்ல மாட்டோம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்.) அந்த நாட்கள்ல ஊரே டிவி முன்னாடி உக்காந்துரும். அப்படி வீட்ல பார்த்ததுல எங்க ஊரு, இல்லன்னா எங்க ஊரு மாதிரி பொழப்பு வர்ற ஐட்டங்களைப் பத்தி மட்டும் இங்க. விமர்சனம்னு எல்லாம் நினைச்சுக்காதீங்க மக்களே, சும்மா தோணினது.

சிவகாசி (2005): 'மஜா'வோட சேர்ந்து தீபாவளிக்கு வந்த பேரரசு படம். திருப்பாச்சி, திருப்பதி, தருமபுரின்னு ஊர்ப் பேரா வச்சுத் தள்ளிக்கிட்டிருந்தாரே, அந்த வரிசை. இதுல சிவகாசிங்கிறது ஹீரோவோட பேரு. விஜய் வெல்டிங் பட்டறை வச்சிருப்பார். எங்க ஊரு இதுல எங்கன்னு கேட்டா, டைட்டில்லதான். போஸ்டர் அடிச்ச காசாவது ஊருக்கு வந்திருக்கும்னு மனசைத் தேத்திக்க வேண்டியதுதான் :-)

வெயில் (2006): வசந்தபாலன் எங்க ஊர்க்காரர். அது ஒவ்வொரு ஃப்ரேம்லயும் தெரியுது. கறிக்கடை அப்பா, பள்ளிக்கூடத்தை கட் அடிச்சுட்டு சினிமாவுக்குப் போன பையன், அதுக்கு வெயில்ல குடுக்கிற தண்டனை. அந்த வெயிலை செட்டு போட்டு எடுக்க முடியாது சார். பசுபதி சினிமா கொட்டகையிலேயே வளர்ந்து, தோத்து, வீடு திரும்புற கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிச்சு. வெட்டுக்குத்து பகுதி எனக்கு அவ்வளவா ஒட்டல. ஆனா 'உருப்படாமப் போனவன் வீட்டுக்குத் திரும்பி வந்தா என்ன மரியாதை கிடைக்கும்'னு அப்படியே காட்டின படம். டிவியில எப்ப போட்டாலும் ரிமோட்டைத் தள்ளி வச்சிடுவேன்.

அங்காடித் தெரு (2010): இதுவும் அவர்தான். தென் மாவட்டத்துப் புள்ளைங்க ரங்கநாதன் தெரு துணிக்கடைக்கு வேலைக்குப் போறது. வேலை நேரம், சாப்பாட்டுக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடுறது, படுக்க இடமில்லாதது, எல்லாமே இருக்கு. ஒரு கடையை இப்படிக் காட்ட முடியும்னா ஒரு பட்டாசு ஆபீஸை ஏன் காட்டக் கூடாது? என்னோட ஆதங்கமே இதுதான்.

சுழல் (2022, அமேசான் பிரைம்): புஷ்கர் காயத்ரி எழுதின தொடர், 8 எபிசோட். ஆரம்பத்துலயே சிமென்ட் ஆலை தீப்பிடிக்குது. நிமிர்ந்து உக்காந்தேன். யூனியன் தலைவரா பார்த்திபன், போலீஸா ஸ்ரேயா ரெட்டி (வெயில்லயும் இருந்தாங்க), ரெண்டு பேரும் பிரமாதம். மயானக் கொள்ளை திருவிழாவை எடுத்த விதம் அட்டகாசம். ஆனா கதை காணாமப் போன பொண்ணு பின்னாடி போகப் போக, ஆலையில வேலை பார்த்த ஜனம் மெல்ல மெல்லக் காணாமப் போகுது. அவங்களைத் தேட ஒரு இன்ஸ்பெக்டரும் இல்ல.

டிவி செய்தி: இதையும் லிஸ்ட்ல சேர்த்தே ஆகணும். எங்க ஊரு அதிகமா வர்ற நிகழ்ச்சி இதுதானே. வசனம்கூட மனப்பாடம். மணி மருந்துல உராய்வு, அறைகள் தரைமட்டம், நிவாரணம் அறிவிப்பு, போர்மேன் கைது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். ஊர்ப் பேரை மட்டும் மாத்தி அதே ஸ்கிரிப்ட். மறுநாள் வேற செய்தி.

உராய்வுல வெடிக்குதுங்கிறது சரி. ஆனா சாவு எண்ணிக்கை எப்படி ஏறுது? லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும். அறைகளைப் பிரிச்சு உள்குத்தகைக்கு விட்டிருப்பாங்க. எடுத்தவருக்கு சீசனுக்குள்ள போட்ட காசை எடுத்தாகணும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில அதுக்கு மேல ஆள் உக்காரும். இடம் பத்தலன்னா மரத்தடியிலயும் வேலை நடக்கும். கூலி பீஸ் ரேட்டு, அதனால கை வேகமாப் போகும். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். அந்த ரெண்டு நிமிஷத்தை நான் பார்த்த எந்த சேனலும் குடுக்கல.

தீபாவளி விவாதம்: 2018ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும்னு சொன்னதுல இருந்து வருஷா வருஷம் இது உண்டு. பட்டாசு வேணுமா, வேணாமா? புகையைப் பத்திப் பேச ஒருத்தர், பண்பாட்டைப் பத்திப் பேச ஒருத்தர். புகை பொய்யில்ல, அதைப் பேசத்தான் வேணும். ஆனா நாட்டுல வெடிக்கிற பட்டாசுல பெரும்பகுதி எங்க பக்கத்துல இருந்து போகுது. அதைச் சுத்துற அக்காமார்ல ஒருத்தரை அந்த நாற்காலியில உக்கார வச்சு நான் பார்த்ததில்ல.

குட்டி ஜப்பானின் குழந்தைகள் (1990): சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப் படம். விடியறதுக்கு முன்னாடியே பஸ் வந்து ஊர் ஊரா சின்னப் புள்ளைங்களைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏத்திக்கிட்டுப் போன காலம் அது. மேல சொன்ன அத்தனையிலயும் எங்க ஜனத்தோட கையையும் முகத்தையும் பக்கத்துல போய்ப் பார்த்தது இது ஒண்ணுதான். எடுத்தவர் வெளியூர்க்காரர்ங்கிறதுதான் கொஞ்சம் உறுத்துது.

என் கட்சி இவ்ளோதான். எங்க ஊரைப் பத்திப் படம் எடுங்க, வெடிக்காமலே ஒரு படம் எடுங்க. காலையில தூக்குவாளியோட பஸ் ஏறி, சாயங்காலம் முழுசா வீடு திரும்புற ஒரு அக்காவோட ஒரே ஒரு நாள் போதும். அதுல இருக்கிற திகில் எந்த த்ரில்லர்லயும் வராது.

அப்படி ஒரு படம் ஏற்கனவே இருந்து எனக்குத்தான் சிக்கலன்னா பேரைச் சொல்லுங்க மக்கா. அடுத்த லீவுக்குள்ள பார்த்துடுறேன்.