தாழ்ப்பாளும் விளக்கும்

திருச்சி கைலாசபுரம் பெல் நகரியத்துக்கு அருகே, வாழவந்தான்கோட்டையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தற்காலிகம் என்று தொடங்கிய முகாம் வாழ்க்கை தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. ஒற்றை அறையில் ஒரு குடும்பம், பொதுக் கழிப்பறை என்ற நிலையில் முதலில் பறிபோவது பெண்களின் மறைவும் பாதுகாப்பும்தான். 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு ரூ.317.40 கோடியில் திட்டங்களை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முன்வந்தது வரவேற்கத்தக்கது.

ஆனால் பேரிடர் வீடு கட்டும்வரை காத்திருக்காது. காவிரியும் கொள்ளிடமும் பெருகும்போது பள்ளிகளும் திருமண மண்டபங்களுமே நிவாரண முகாம்களாகின்றன. அரிசியும் பாயும் வந்துவிடுகின்றன. நாப்கின், கருத்தடை மாத்திரை, பிரசவத்துக்கான ஏற்பாடு ஆகியவையும் நிவாரணப் பட்டியலில் இடம்பெற வேண்டாமா? பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; அவசரக் கருத்தடைக்கு 5 நாள்தான் கெடு. தாமதித்த உதவி, உதவியே அல்ல.

உள்தாழ்ப்பாளுடன் தனிக் கழிப்பறை, அங்கே செல்லும் வழியில் விளக்கு, கர்ப்பிணிகளின் பட்டியல், அழைத்ததும் வரும் 108, சுவரில் 181 மகளிர் உதவி எண், பொறுப்பில் ஒரு பெண் அலுவலர் என இவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு முகாமுக்கும் மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும்.