எண்ணிக்கை மட்டும்தானே தவறு?

அட்டையைச் செருகினால் பணம் வர வேண்டும். அதற்குமேல் நமக்கென்ன கவலை? 2010 ஜூலை 5, திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு அந்தக் கவலை வந்தது. ஜாலான் புசார் முதல் ஜூரோங் வரை டிபிஎஸ், பிஓஎஸ்பி பணப்பொறிகள் காலை 10 மணிவரை முடங்கின. பெருங்கணினியோடு இணைந்த சேமிப்பகத்தில் கோளாறு என்று கண்காணிப்பு மென்பொருள் 3ஆம் தேதியே எச்சரித்திருந்தது. பராமரிப்புக் கையேட்டின்படி அல்லாமல் கம்பிவடத்தை மாற்றியதுதான் வினையாயிற்று. கூடுதலாகச் சுமார் 230 மில்லியன் வெள்ளி மூலதனம் ஒதுக்கும்படி அவ்வங்கிக்கு நாணய ஆணையம் உத்தரவிட்டது.

உண்மை சொன்ன அறிக்கைக்கே இந்தக் கதி! அறிக்கையே பொய் சொன்னால்?

நண்பர்களே, பல வங்கிகளின் பெருங்கணினிகளில் பரிவர்த்தனைகளை நடத்துவது ஐபிஎம் நிறுவனத்தின் சிஐசிஎஸ் மென்பொருள். ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பணிகளின் உச்சவரம்பு எத்தனை முறை எட்டப்பட்டது என்பதையும் அது எண்ணி வைக்கும். அந்தக் கணக்கு பிசகிப் பூச்சியம் காட்டினால், வாடிக்கையாளர் வரிசையில் காத்திருப்பார். பொறியாளரோ நெரிசலே இல்லை என்று நிம்மதியாக இருப்பார். "பரிவர்த்தனை சரியாகத்தானே நடக்கிறது, புள்ளிவிவரம்தானே தவறு" என்று இத்தகைய திருத்தங்களைக் கடைசிக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சோதித்துப் பார்த்த கையோடு, மற்றத் திருத்தங்களுடன் சேர்த்தே அவற்றையும் ஏற்ற வேண்டும்.