ஓடிப்போன மலேரியா விமானம் ஏறி வரலாம்!

இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012-ம் ஆண்டோடு நின்றது. 2016-ம் ஆண்டு செப்டம்பரில், "மலேரியா ஒழிந்த நாடு" என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

இது சாதாரண வெற்றி அல்ல. 1934, 35-ம் ஆண்டுகளில் இந்தக் குளிர் காய்ச்சலுக்கு அந்தத் தீவில் சுமார் 80 ஆயிரம் பேர் பலியானார்கள்.

ஆனால் பயம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அங்கே இன்னும் இருக்கிறது. இல்லாதது கிருமி மட்டுமே. அதைக் கொண்டு வரக் கூடியவன் மனிதன்!

பதினேழு பேர்

இந்தப் பாடத்தை இலங்கை ஒரு முறை படித்திருக்கிறது. 1963-ல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. "இனி என்ன?" என்று காவல் தளர்ந்தது. 1969-ல் 5 லட்சம் பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தார்கள்!

சான்று பெற்ற பிறகும் ஓர் எச்சரிக்கை வந்தது. 2018-ல் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் உடலில் வந்த கிருமி, கொசு மூலம் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. அதிகாரிகள் விரைந்து தடுத்ததால் அது அதோடு நின்றது.

யாருக்கு ஆபத்து?

2023-ல் உலகில் சுமார் 26 கோடிப் பேரை மலேரியா பிடித்தது. ஏறக்குறைய 6 லட்சம் பேர் இறந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அதிலும் சிறு குழந்தைகள்.

அங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் ஏராளம். மலேரியா இல்லாத நாட்டிலிருந்து போகிறவருக்கு அதை எதிர்க்கும் சக்தி உடம்பில் இராது. ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கூட, பல ஆண்டுகள் வெளியே இருந்தால் அந்தச் சக்தியை இழந்து விடுவார்.

என்ன செய்ய வேண்டும்?

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். போகும் நாட்டைச் சொன்னால் அதற்கு ஏற்ற மாத்திரை தருவார். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து வேறுபடும். அடுத்த வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது.

புறப்படுமுன் மாத்திரையைத் தொடங்க வேண்டும். அங்கே இருக்கும்வரை விடாமல் சாப்பிட வேண்டும். திரும்பிய பிறகும் நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகளை ஒரு வாரமும், சிலவற்றை நான்கு வாரமும் தொடர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். "ஊர் வந்து சேர்ந்தாயிற்றே" என்று நிறுத்தி விடுகிறார்கள். ஆனால் கிருமி உடலில் பதுங்கியிருக்கும்!

மாத்திரை மட்டும் போதாது. இந்தக் கொசு பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை கடிக்கும். மாலையில் முழுக்கைச் சட்டை, இரவில் மருந்து தோய்த்த கொசுவலை, உடம்பில் கொசு விரட்டும் களிம்பு, இவை மூன்றும் வேண்டும்.

ஒரு வார்த்தை

கடித்த அன்றே காய்ச்சல் வராது. குறைந்தது ஒரு வாரம் ஆகும். சில மாதங்கள் கழித்தும் வரலாம். மலேரியாவையே பார்த்திராத இளம் டாக்டர், "டெங்குவாக இருக்கும்" என்று நினைக்கக் கூடும். கொடிய வகை மலேரியாவில் ஒரே நாள் தாமதமும் உயிரைக் குடித்து விடும்.

ஆகவே, திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "இன்ன நாட்டுக்குப் போய் வந்தேன்" என்பதே. நோயாளி மயங்கிக் கிடந்தால் வீட்டில் உள்ளவர்கள் அதைச் சொல்ல வேண்டும். உடனே ரத்தப் பரிசோதனை நடக்கும். நோய் தெரிந்தால் மருந்து உண்டு.

அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும். ஒரு நாட்டையும் காக்கும்!