மாட்டுக்கறிக்கு ஏன் ஆங்கில முக்காடு?

ஆட்டுக்கறி என்று தெருவறிய உரக்கச் சொல்லும் வாய், மாட்டுக்கறி என்னுமிடத்தில் மட்டும் தாழ்ந்து ‘பீப்’ என்று முணுமுணுக்கின்றது. ‘மட்டன்’, ‘சிக்கன்’ என்பன ஆங்கில மயக்கத்தால் வந்தவை. ‘பீப்’ என்பதோ அச்சத்தால் வந்தது. உணவைக் கேட்டுச் சாதியை அளக்கும் செவிகளுக்கு அஞ்சி இட்ட முக்காடு அது!

இக்கறி சமைக்கும் அடுக்களையில் அயற்சொல்லுக்கு வேலையே இல்லை. அரைக் கிலோ கறியை மஞ்சளும் உப்பும் இட்டு, மண்சட்டியில் சிறுதீயில் வேகவிடல் வேண்டும். உழைத்து முதிர்ந்த மாட்டின் தசை இறுகியது; இரண்டு மணி நேரமும் ஆகலாம். விரைவு உதவாது. தசையைப் பிணித்த நார் மெல்லக் கரைந்த பின்னரே கறி குழையும், சாறும் கொழுவும். பின்னர்ச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்து, வெந்த கறியை நீரோடு கொட்டிச் சுண்டவைத்து, இறக்குமுன் மிளகு தட்டித் தூவினால் முடிந்தது. ‘மசாலா’ என்னும் பொட்டலமும் வேண்டா, அச்சொல்லும் வேண்டா.

இவற்றுள் மிளகாய் அமெரிக்க நிலத்தது. போர்த்துக்கீசியர் வழி வந்தது. மிளகுபோல் உறைப்பது கண்டு, முன்னோர் அதற்குத் தமிழிலேயே பெயரிட்டனர். வந்த காய்க்கே பெயர் படைத்த மொழிக்குத் தன் தொழுவத்து மாட்டின் ஊனைச் சொல்லச் சொல் இல்லையா? ஊன், புலவு, நிணம், விடக்கு என எத்தனை! அகநானூற்றின் 129, 309ஆம் பாட்டுகள், மழவர் கொழுத்த ஆவை உண்டதைக் கூசாமல் கூறுகின்றன. கூச்சம் பின்னே புகுந்தது.

தூயதமிழ் அன்பருள்ளும் சிலர் இச்சொற் கேட்டு முகஞ்சுளிக்கின்றனர். ‘நமஸ்காரம்’ விலக்கி ‘வணக்கம்’ என்ற நா, ஒடுக்கப்பட்டோர் தெருவின் நற்றமிழ்ச் சொல்லுக்குக் கூசுமாயின், அங்கே விலக்கப்படாமல் எஞ்சியிருப்பது வருணமன்றி வேறென்ன? உண்ணாமை அவரவர் விருப்பம். உண்பாரை இழிந்தோராய் எண்ணுவதே குற்றம்.

அவ்வெண்ணம் ஆட்சி மன்றிலும் அமர்ந்திருக்கின்றது. 2022 மே திங்களில் ஆம்பூரில் மாவட்ட ஆட்சி நடத்தவிருந்த பிரியாணி விழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றனர். எதிர்ப்பு எழுந்தது. மழை வரும் என்று சொல்லி விழாவையே தள்ளிவைத்தனர். ஆம்பூர்க் கடைகளிலோ மாட்டுக்கறிச் சோறு அதற்கு முன்னும் விற்றது, பின்னும் விற்கின்றது.